டிரம்ஸை வாசித்துக் காட்டிய நாள்

தேயிலை விலை விழுந்த வருஷங்களில் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தது. என் கணவருக்கு அங்கேதான் வேலை. ஆனால் குன்னூர்ப் பக்கம் அவரை டிரம்ஸ் வாசிப்பவராகத்தான் தெரியும். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து கோயில் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி நடத்தினார். எஸ்டேட்டுகளில் சம்பளமே இழுபறியான பிறகு கச்சேரிக்கு யார் கூப்பிடுவார்கள்? குழு கலைந்தது. டிரம்ஸ் மட்டும் எஸ்டேட் கொடுத்த எங்கள் லைன் வீட்டு முன்னறையை அடைத்துக்கொண்டு நின்றது.

நான் கொழுந்து பறிக்கிறவள். அந்த வேலையும் பாதி நாளோடு முடிந்துவிடும். ஒரு மத்தியானம் சும்மா இருக்க முடியாமல், "அதை எப்படீங்க வாசிக்கிறது?" என்று கேட்டேன். பல வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்தார்.

"உக்காரு புள்ள" என்று முக்காலியை இழுத்துப் போட்டார். "இந்தப் பெருசு பேஸ், வலது காலுக்கு. முழங்காலுக்கு நேரா இருக்கறது ஸ்னேர். அடியில கம்பி ஓடுது பாரு, அதனாலதான் சரக்குன்னு சத்தம் வருது. இந்த ஜோடித் தட்டு ஹை-ஹாட். இடது காலை அமுக்கினா மூடிக்கும்."

நான் குச்சியை இறுக்கிப் பிடித்தேன். அவர் என் விரல்களைத் தளர்த்தினார். "கழுத்தை நெரிக்காதே. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சும்மா நிக்கட்டும். அடிச்சா அதுவே துள்ளி மேல வரும், தடுக்காதே."

முதலில் தலையணையில் அடித்துப் பழகினேன். என் இடது கை வலது கைக்குச் சமமாக விழுவதைப் பார்த்து அவர் வியந்துபோனார். இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிறவளுக்கு அதில் என்ன கஷ்டம்? கால்தான் படுத்தியது. வலது கை ஹை-ஹாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஓடும். ஒன்றிலும் மூன்றிலும் காலால் பேஸை மிதிக்க வேண்டும். இரண்டிலும் நாலிலும் இடது கை ஸ்னேரில் விழ வேண்டும். கால் எப்போதும் கையோடு சேர்ந்து ஓடிப்போகும். அவர் என் முழங்காலைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் தாளம் என் உடம்பில் உட்கார்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசிச் சிரித்ததில்லை.

பிறகு ஃபேக்டரியை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது என்று அவர் முடிவு செய்தார். டிரம்ஸை விற்கப் போவதாக நாலு பேரிடம் சொல்லி வைத்தார். ஊட்டியிலிருந்து, ஓட்டல் விசேஷங்களுக்கு வாசிக்கிற குழுக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்தார். தோலைத் தடவினார், பெடலை அழுத்திப் பார்த்தார்.

"வாசிச்சுக் காட்டுங்க. சத்தத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

என் கணவர் குச்சியை எடுத்தார். முக்காலி வரை போனவர் திரும்பி அதை என்னிடம் நீட்டினார். "நீ வாசி புள்ள."

வேற்று மனிதர் முன் நான் வாசித்ததே இல்லை. அவர் கற்றுக்கொடுத்தது வீண் போகக் கூடாது என்ற ஒரே நினைப்பில் வாசித்தேன். கால் பிசகவில்லை. டாம் என்கிற சின்ன டிரம்களில் ஒரு சுற்று உருட்டி, மறுபடி தாளத்தில் வந்து சரியாக நின்றேன். வந்தவர் கை தட்டினார். "நல்ல சத்தம். இப்பவே ஏத்திக்கிறேன்" என்றார்.

ஒவ்வொன்றாகக் கழற்றி ஏற்றினார்கள். ஜீப் தேயிலைச் சரிவில் இறங்கி மறையும் வரை என் கணவர் வாசலிலேயே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கொஞ்சம் தப்பா வாசிச்சிருக்கலாமில்ல?"

நான் அவர் பக்கம் திரும்பினேன். "நீங்கதானுங்க வாசிக்கச் சொன்னீங்க?"

"ஆமா. நாந்தான் சொன்னேன்" என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதோம். வேறென்ன செய்வது?

அடுத்த வாரம் அவர் மட்டும் திருப்பூர் போனார். மறு வருஷ மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தபோது, கோயிலில் கச்சேரிக்குப் பதிலாக ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அதன் பிறகு திருவிழாவுக்கு லீவு கேட்பதையே விட்டுவிட்டார். கடைசியில் நானும் திருப்பூருக்கே போய்விட்டேன்.

பின்னல் மிஷின்களின் இரைச்சலில் இத்தனை வருஷம் நின்றதால் இப்போது அவருக்கு இரண்டு காதும் மந்தம். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை. எதிரில் போய் நின்றால்தான் நிமிர்ந்து பார்க்கிறார்.