லண்டனில் நின்றுபோன பத்திரிகை

மகளுக்கு வாங்கிய வீடியோ கேம் பெட்டியைப் பிரித்ததும், உள்ளிருந்த வழவழப்பான தாளின் மை வாசனை என்னைச் சிறுவயதுப் பந்தலூர் டீக்கடைக்கு இழுத்துப்போனது. பழைய பேப்பர் கட்டில் வரும் லண்டன் வீடியோ கேம் பத்திரிகையை, போண்டா எண்ணெயை உறிஞ்சாது என்று கடைக்காரர் என்னிடமும் அக்காவிடமும் எறிந்துவிடுவார். நாங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை, அதனால் என்ன? அதிலிருந்த விளையாட்டு வரைபடங்களை வைத்துக்கொண்டு, தேயிலை விலை விழுந்ததால் கவாத்து செய்யாமல் ஆளுயரம் வளர்ந்துவிட்ட செடிகளுக்குள் ஓடி விளையாடினோம்.

அப்பா வேலை செய்த தேயிலை ஃபேக்டரியைப் பூட்டிய வாரம், அக்கா ஓர் இதழை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“இதுதான் கடைசியாம். அவங்க நிறுத்துனா நாம ஏன் நிறுத்தணும்?”

அடுத்த இதழை, தேயிலைப் பையைக் கிழித்து, எங்கள் தோட்டத்தையே வரைபடமாக்கி நாங்களே வரைந்தோம். அந்த வரைபடத்திலும் ஃபேக்டரி பூட்டித்தான் இருந்தது. அதில் சாவி மட்டும் எங்கள் லயத்து வீட்டில் இருந்தது.