நாற்பது பேருக்கு ஒரே மாத்திரை

கத்திரி வெயில் காயும் நாளில், பிற்பகல் இரண்டரை மணிக்கு, முதல் ஷிஃப்ட் முடிந்து பேருந்துகளிலிருந்து இறங்கும் கூட்டத்துக்கு மருந்து கொடுப்பதைவிடக் கடினமான வேலை ஒன்றே ஒன்றுதான்: கொடுத்த மருந்தை அவர்கள் ஒழுங்காக விழுங்கும்படி செய்வது.

அரசு மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இப்போது ஒரகடம் கூட்டுரோட்டுக்கு அருகே தனசேகர் என்பவர் நடத்தும் மருந்துக் கடையில் பதிவுபெற்ற மருந்தாளுநராக இருக்கிறேன். என் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அது தொங்குவதால்தான் கடை திறந்திருக்கிறது. என்னைப் போலவே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தொண்டை வறண்டவர்கள் இதைப் படித்தால், "உங்கள் ஊரிலுமா?" என்று கேட்கக்கூடும். ஆம், எங்கள் ஊரிலும்தான். கீழே உள்ளவை எல்லாம் சென்ற கோடையிலும் அதற்குச் சற்று முன்பின்னும் நடந்தவை. எல்லாமே இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியவை.

ரிலீவர் வரும்வரை

இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாற்பது வயது ஆகவில்லை. மனைவி மாரியம்மாளையும் இரு பெண் குழந்தைகளையும் ஊரில் விட்டுவிட்டு, பென்னலூரில் ஊர்க்காரர்களோடு ஓர் அறையில் தங்கி, வல்லம் வடகாலில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். மருத்துவர் அவருக்கு இரண்டு மாத்திரைகள் எழுதியிருந்தார். ஒன்று இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது. மற்றொன்று உடம்பிலுள்ள அதிகப்படி உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது. முதல் மாத்திரையை வாங்கிக்கொண்டு இரண்டாவதை என்னிடமே திருப்பித் தள்ளினார்.

"மருத்துவர் இரண்டு எழுதினால் இரண்டும்தான். உங்கள் விருப்பத்துக்கு ஒன்றைக் கழிக்க இது காய்கறிக் கடை அல்ல. இது ஒத்துவரவில்லை என்றால் அவரிடமே போய்ச் சொல்லுங்கள், வேறு மருந்து மாற்றித் தருவார்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு காரணம் சொன்னார். ஒரு மரையை முடுக்க எத்தனை நொடி ஆகும் என்று கடிகாரம் வைத்து அளக்கும் ஆலைக்கு, அதை முடுக்குகிறவனுக்குச் சிறுநீர்ப்பை என்று ஒன்று உண்டு என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஒண்ணுக்குப் போவணும்னா நம்ம எடத்துல நிக்க ரிலீவர் வரணும்மா. ஒரு லைனுக்கு ஒரே ரிலீவர். அந்த மாத்திரையைப் போட்டா அவரு என்னைக் கொன்னே போடுவாரு."

கடைக்காரரின் வைத்தியம்

இசக்கிமுத்து மருத்துவரிடம் போனார், மருந்து மாறியது, அதன்பின் மாதந்தோறும் தவறாமல் வந்தார். சொன்னதைக் கேட்கும் வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நான் மகிழ்ந்திருந்த வேளையில், கேட்காத ஒருவர் என் பக்கத்திலேயே இருப்பதைக் கண்டுபிடித்தேன். தனசேகருக்கும் இரத்த அழுத்தம் உண்டு. ஒரு நாள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு அலமாரியைத் திறந்து, அகப்பட்ட அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தேநீரோடு விழுங்கினார். போன வாரம் போட்டீர்களா என்று கேட்டேன். போன வாரம் தலைவலி இல்லையாம்.

இரத்த அழுத்தம் பெரும்பாலும் தலையையும் வலிக்கவைக்காது, காலையும் வலிக்கவைக்காது. ஓர் அறிகுறியும் காட்டாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் அரித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் நன்றாக இருக்கும் நாளிலும் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று, மருந்துக் கடை முதலாளி ஒருவருக்கு, அவர் கடையிலேயே நின்று பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கரீட்டுதான் மேடம். ஆனா வலியே இல்லாதப்ப போட்டா மாத்திர வேஸ்ட்டுதான?"

அறைக்கு ஒரு சீட்டு

வைகாசி பிறந்ததும் ஆலையில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதில் ஒரு கூர்முனை இருந்தது: இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் 'அன்ஃபிட்' என்று எழுதுவார்கள், எழுதினால் அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள். மருந்து கொடுத்துச் சரிசெய்யலாம் என்ற பேச்சே கிடையாது. நோயைக் கண்டுபிடிப்பதற்கென்று வைத்த பரிசோதனையை, நோயை ஒளிக்கும் போட்டியாக மாற்றிவிட்டார்கள்.

இசக்கிமுத்துவின் அறைத் தோழன் பால்ராஜ் என்ற தூத்துக்குடி இளைஞன், இசக்கிமுத்துவின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தான். அவர்தான் அந்த மாதத்து மருந்தை வாங்கிவிட்டாரே என்றேன். நெளிந்தான். உனக்கு அழுத்தம் உண்டா, யாராவது அளந்தார்களா என்று கேட்டேன். இல்லையாம், இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்ததில் நெஞ்சு படபடக்கிறதாம், அதனால் இருக்கும்தானாம். அங்கேயே உட்காரவைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, அளந்தேன். சுவரில் ஒட்டிவைக்கத்தக்க அழகான அளவு. உனக்கு வேண்டியது தூக்கம், மாத்திரை அல்ல; இன்னொருவர் சீட்டில் உனக்கு மருந்து தர மாட்டேன் என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"என்னம்மா இப்படிச் சொல்லுதிய? எங்க ரூம்ல ஷாம்பு, செருப்பு, சீட்டு எல்லாம் பொதுதான்."

யாருக்கு என்று கேட்டேன்

மறுநாள் வந்தவர் பாஸ்கர். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர், உள்ளூர்க்காரர், வண்டியை அணைக்காமலே கடைக்குள் பேசுகிறவர்.

"மேடம், பிரஷர் மாத்திர ஒரு எட்டு அட்ட குடுங்க."

"யாருக்கு?"

"பசங்களுக்கு. நாப்பது பேரு, ஆளுக்கு ரெண்டு. நாள மறுநாள் மெடிக்கல் கீது இல்ல?"

"நாற்பது பேருக்கும் இரத்த அழுத்தமா?"

"அது யாருக்குத் தெரியும்? இருந்தா எறங்கட்டும். இல்லாங்காட்டி சும்மா போவட்டும்."

"சும்மா போகாது, பாஸ்கர். அழுத்தம் இல்லாதவனுக்கும் இறங்கும். இந்த வெயிலில் இயந்திரத்தின் மேலேயே விழுவான். அழுத்தம் உள்ளவனுக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று மருத்துவர் ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஓ.டி. என்று பதினாறு மணி நேரம் வேலை வாங்கினால் யாருக்கும்தான் ஏறும். இறக்க வேண்டியது ஓ.டி.யை."

தனசேகர் நடுவே புகுந்து, "மேடம், நம்ம பார்ட்டி மேடம்…" என்று இழுத்தார். சீட்டு இல்லாமல் ஓர் அட்டை வெளியே போனாலும் சுவரில் இருக்கும் சான்றிதழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். பாஸ்கர் வண்டியை முறுக்கிக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"இன்னா மேடம், விஷமா கேட்டுகினு வந்தேன்? மாத்திரதான கேட்டேன்!"

எல்லோரும் தேர்ச்சி

நான் சாப்பிடப் போன நேரத்தில் தனசேகர் எட்டு அட்டைகளையும் கொடுத்துவிட்டிருந்தார். பரிசோதனை முடிந்த மறுநாள்தான் அலமாரியில் காலி இடத்தைப் பார்த்தேன். அதற்குள் நாற்பது பேரும் 'ஃபிட்' ஆகியிருந்தார்கள். இசக்கிமுத்து, தன் வழக்கமான மாத்திரைக்கு மேல் பாஸ்கர் கொடுத்த இரண்டையும் போட்டுக்கொண்டு தேறினார். பால்ராஜும் தேறினான். தேறிய கையோடு லைனுக்குப் போய், பிற்பகலில் கண் இருட்டி, இரும்புத் தட்டின் விளிம்பில் தலை மோதி விழுந்தான். புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். நல்லவேளை, இயந்திரம் அப்போது நின்றிருந்தது.

தனசேகரிடம் நான் குரலை உயர்த்தவில்லை. நாற்காலியின் மேல் ஏறிச் சான்றிதழைக் கழற்றினேன். அவர் என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்த பிறகுதான் இறங்கினேன். சாவியை நீட்டும்போதும் அவருக்குத் தம் நியாயம் விட்டுப்போகவில்லை:

"வேற கடையில வாங்கிகினுதான் போயிருப்பான் மேடம். அந்தக் காசு நம்மளுக்கே வரட்டுமேன்னு பாத்தேன்."

எழுதிக் கொடுத்துவிட்டார்கள்

அந்த மாதம் இசக்கிமுத்து மருந்து வாங்க வரவில்லை. சில நாள் கழித்துக் கடை வழியே போனவரை நானே கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டாராம். கம்பெனியே 'ஃபிட்' என்று எழுதிவிட்டதாம். மாத்திரை போட்டதனால்தான் அந்த அளவு வந்தது; நிறுத்தினால் பழையபடி ஏறும்; இந்த மருந்தைத் திடீரென்று நாமாக விடக் கூடாது என்று நின்று நிதானமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். சம்பளம் போட்டதும் வாங்குகிறேன் என்றார். இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், பணம் பிறகு என்றேன். அதற்குள் பேருந்து வந்துவிட்டது, ஓடினார்.

அடுத்த முறை அவர் வந்தபோது ஷிஃப்ட் முடிந்த நேரம். கடை வாசலில் நின்று ஏதோ கேட்டார், சொற்கள் குழைந்தன. வாயின் இடப்பக்கம் சரிந்திருந்தது. மேசைமேல் வைக்க முயன்ற கை கீழே நழுவியது. தனசேகர் பதறி, ஒரு பிரஷர் மாத்திரையை உடைத்து அவர் நாக்கின் அடியில் வைக்கப் பாய்ந்தார். தனசேகரின் கையைத் தட்டிவிட்டேன். பக்கவாதம் வந்தவர் வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீர்கூட. செய்ய வேண்டியது ஒன்றுதான்: எப்போது தொடங்கியது என்று குறித்துக்கொண்டு, உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. பேருந்திலிருந்து இறங்கும்வரை நன்றாகப் பேசிக்கொண்டுதான் வந்தார் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். 108 வண்டிக்காரரிடம் அந்த நேரத்தையும், மாத்திரையை அவர் நிறுத்தியிருந்ததையும் சொன்னேன். தூக்குப் படுக்கையில் கிடந்தபடி இசக்கிமுத்து என்னைப் பார்த்தார். கோணிய வாயால், யாரோ தம்மை ஏமாற்றிவிட்டதைப் போல, கேட்டார்:

"ஃபிட்டுன்னு… எழுதிருக்காவளேம்மா?"

ஒரு வார்த்தை

உயிர் பிழைத்தார். பேச்சு ஓரளவு திரும்பியது. இடக்கைக்கு இன்னும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மாரியம்மாள் ஒரு நாள் மருத்துவமனைச் சீட்டோடு கடைக்கு வந்தார். எந்த மாத்திரை எப்போது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, திருப்பி என்னிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பாஸ்கர் வந்தார். அவர் யாரென்று தெரியாமல் மாரியம்மாள் ஒதுங்கி வழிவிட்டார்.

"மேடம், ஆபீஸ்ல கேப்பாங்க. இசக்கிக்கு முன்னாடியே பிரஷர் இருந்துச்சு, அவன் மறைச்சுட்டான்னு நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். அப்பதான் எங்க மேல வராது."

"சொல்கிறேன், பாஸ்கர். முழுவதும் சொல்கிறேன். அவருக்கு அழுத்தம் இருந்தது, ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வந்தார் என்பதையும் சொல்வேன். நாற்பது பேரின் பெயரில் எட்டு அட்டை கேட்டு வந்தது யார், அதைக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்வேன்" என்றேன். தனசேகர் கல்லாவுக்குக் கீழே எதையோ தேடத் தொடங்கினார். பாஸ்கர் திரும்பினார். அவர் யாரென்று இப்போது புரிந்துகொண்ட மாரியம்மாள் வழியை விடவில்லை; மாத்திரைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏய்யா, எம் புருசன் நோயை மறைச்சாரா? மறைக்கதுக்கு மாத்திரை வாங்கிக் கையில குடுத்தது நீருதானய்யா?"

கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள்

கேட்பவர்களுக்காகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 108 வண்டிக்கும் அரசு மருத்துவமனைக்கும் யாரும் எதுவும் தரவேண்டியிருக்கவில்லை. பால்ராஜின் தையலுக்கான பணத்தை, அது விபத்து என்று எங்கும் பதிவாகிவிடக் கூடாதே என்று, அன்று மாலையே பாஸ்கர் தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார். எட்டு அட்டைக்கான பணத்தை அவர் தனசேகருக்கு இன்னும் தரவில்லை. மாரியம்மாளின் கேள்வி அலுவலகம்வரை போய்ச் சேர்ந்த பிறகு, ஆடி மாதத்தில், ஒப்பந்ததாரர் இசக்கிமுத்துவுக்கு ஒரு மாதச் சம்பளத்தை 'உதவி' என்று சொல்லி அனுப்பினார். மாரியம்மாள் பணத்தை வாங்கிக்கொண்டு, "உதவின்னு சொல்லாதிய, சம்பளம்னு சொல்லுங்க" என்று கொண்டுவந்தவரைத் திருத்தி அனுப்பினார். மீதிக்கு, தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்.

நாற்பது பேருக்கும் 'ஃபிட்' என்று கையெழுத்திட்ட மருத்துவ முகாமுக்கான கட்டணத்தை மட்டும் ஒருவரும் கேட்கவேண்டியிருக்கவில்லை; அது முதல் ஆளின் கையில் அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றுவதற்கு முன்பே முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.