ஜிம்மியின் பொடுகும் என் தலையும்

எங்கள் அப்பாவுக்குத் தலைமுடி என்று சொல்லிக்கொள்ளக் காதோரம் நாலு இழைதான் உண்டு. அப்படிப்பட்டவருக்குப் பொடுகு என்று தேயிலைத் தோட்டமே பேசிச் சிரித்தது. கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குத் தன்னுடைய ஒரே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். தோள், முதுகு, கை எல்லாம் மாவு சலித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்ததாம். "என்னா தலைவரே, இல்லாத முடியில இம்புட்டுப் பொடுகா?" என்று யாரோ கேட்க, அதோடு கூட்டம் முடிந்துவிட்டது.

குற்றவாளி ஜிம்மி. துரை பங்களாவில் பிறந்த குட்டை நாய். தாய் சீமைச் சாதி, தகப்பன் யாரென்று பங்களாவுக்கே தெரியாது. அங்கே பூந்தோட்ட வேலை செய்த அப்பாதான் அதைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தார். குளிருக்குப் பயந்து நாளெல்லாம் எங்கள் லயத்து வரிசை வீட்டின் அடுப்போரமே கிடக்கும், அடுப்பு அணைந்தால் அப்பாவின் கோட்டைத் தேடிப் போய்ப் படுக்கும். தோல் காய்ந்து வறண்டு, ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தால் போதும், செதில் சோற்றுச் சட்டிவரைக்கும் பறக்கும். பக்கத்தில் தொட்டிலில் மூன்று மாதத் தம்பி வேறு.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது சரியாகணும். இல்லாட்டி அன்னைக்கு வர்ற மரக்கறி லொறியில ஏத்தி, கொத்மலைப் பக்கம் எறக்கி விட்டுட்டு வந்துருவேன்" என்றார் அப்பா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அழுக்குதானே, தேய்த்தால் போகும் என்று ஜிம்மியைத் தினமும் மலையிலிருந்து குழாய் வழியே கொட்டும் பீலித் தண்ணீருக்கு இழுத்துப் போய், துணி துவைக்கும் சவர்க்காரத்தால் தேய் தேய் என்று தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பொடுகு பெருகியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே! இன்னொரு கட்டி சவர்க்காரம் வாங்கச் சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்து முதுகில் இரண்டு வாங்கிக்கொண்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆட்களுக்குத்தான் மருந்து, நாய்க்குக் கிடையாது. யோசித்தேன். ஜிம்மியின் முதுகைச் சீப்பால் வாரி, விழுந்ததையெல்லாம் நெருப்புப் பெட்டிக்குள் சேர்த்தேன். டிஸ்பென்சரி வாசலில் நின்று அத்தனையையும் என் தலையில் கொட்டிக்கொண்டு உள்ளே போனேன். சீச்சீ என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

டாக்டரய்யா யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் இருமினாலே வரிசையில் நிற்பவர்களின் பாதி நோய் பறந்துவிடும்.

"என்ன பிள்ளை, என்ன வருத்தம்?"

"தலையில பொடுகுங்கய்யா. ரொம்பக் கொட்டுது."

டோர்ச் அடித்து என் தலையைப் பார்த்தார். ஒரு சின்ன இடுக்கியால் எதையோ எடுத்து வெள்ளைக் கடதாசியில் வைத்தார். செதிலோடு, கட்டையான செம்மண் நிற மயிர் ஒன்று. என் முடியோ கன்னங்கறுப்பு, இடுப்புவரை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன். போதாததற்கு என் பின்னாலேயே வந்திருந்த ஜிம்மி, அடுப்புச் சாம்பலும் சவர்க்கார வாசனையுமாக வாசற்படியில் உட்கார்ந்து பறட் பறட்டென்று சொறிந்துகொண்டிருந்தது. ஐயா கடதாசியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது லேசிலை போகாது. மொட்டை அடிக்கோணும். அடிப்பமோ?"

அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழா. கும்மியாட்டத்தில் முதல் ஆள் நான்தான், அதுவும் இந்தப் பின்னலை நம்பித்தான். பொலபொலவென்று அழுதுவிட்டேன். ஆனால் நாளை மறுநாள் லொறி வரும்.

"சரிங்கய்யா, அடிச்சுக்கிறேன். மருந்து மட்டும் நெறையாக் குடுங்க" என்றேன்.

ஐயா சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். போத்தல் தேடுகிற மனுசனுக்கு முதுகு ஏன் அப்படிக் குலுங்குகிறது என்று எனக்கு விளங்கவில்லை. வெகு நேரம் கழித்து, பெரிய போத்தல் நிறைய எண்ணெய் மருந்தோடு திரும்பினார். முகம் பழையபடி கடுகடுவென்றிருந்தது.

"மொட்டை வேண்டாம். ஆனால் வடிவாக் கேள். உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் கண்ணிலையும் காட்டாதை. கிழமைக்கு ஒருக்காக் குளிச்சாக் காணும். அடுப்படியிலை படுக்கிறேல்லை. நாளுக்கு ஒருக்காச் சீப்பாலை வாரி, இதை முதுகிலையும் பூசோணும். பூசினாப் பிறகு பத்து நிமிசம் நக்கக்கூடாது."

தலையை எப்படி நக்குவது? யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு நீளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "நக்கமாட்டேங்கய்யா" என்று சத்தியம் செய்தேன்.

சொன்னதையெல்லாம் ஜிம்மிக்குச் செய்தேன். அடுப்பிலிருந்து தள்ளிச் சாக்கு விரித்தேன். மருந்து பூசிவிட்டுப் பத்து நிமிடம் அதன் வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்போம்" என்றார். லொறி ஜிம்மி இல்லாமல் போயிற்று. அந்த லொறியின் சத்தம் தேயிலை மலைக்கு அந்தப் பக்கம் தேயும்வரை நாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோசம்! இரண்டு வாரத்தில் தோல் பளபளத்தது. மனிதர் மருந்து நாய்க்கும் இப்படிப் பொருந்திய அதிசயத்தை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரய்யாவை ஏமாற்றியதை மட்டும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். "படிச்சவருதான், ஆனா பாவம், லேசா ஏமாந்துருவாரு."

மாதம் ஒன்று கழித்து, டாக்டரய்யா தலவாக்கலைக் கடைத்தெருவில் ரோட்டோரம் நின்றிருந்தார். ஜிம்மியும் நானும் போய் வணக்கம் சொன்னோம். ஐயா குனிந்து, ஜிம்மியை ஏற இறங்கப் பார்த்து, "இப்ப தலை எப்பிடி, சுகமோ?" என்று கேட்டார்.

எனக்குப் பகீரென்றது. எது நான், எது நாய் என்றுகூடத் தெரியாத அளவுக்கா இந்த மனுசனுக்குக் கண் கெட்டுப்போயிற்று! மனது கேட்கவில்லை. "வாங்கய்யா, பஸ் வருது, பாத்து" என்று கையைப் பிடித்து ரோட்டின் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அவரும் நல்ல பிள்ளையாகக் கூடவே வந்தார்.