பதில் எதிர்பார்க்கப்படுகிறது

விதி 19: “சந்தாவை உறுப்பினர் நேரில் வந்து செலுத்தி, பதிவேட்டில் ஒப்பமிடுதல் வேண்டும். தொடர்ந்து மூன்று மாதங்கள் அவ்வாறு செய்யாதவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்.” இதை எழுதியவன் நான். உக்குவளையில் எங்கள் மரண உதவிச் சங்கத்துக்காக ஒரு வாரம் லீவு போட்டு எழுதிய நாற்பத்திரண்டு விதிகளில் எனக்குக் கூடுதல் பெருமை இதில்தான் இருந்தது. அந்தப் பதிவேடு இப்போது என் மேசையில் கிடக்கிறது. நீல அட்டை, முதுகில் சிவப்புத் துணி. அதில் ஒரு பெயருக்கு நேரே, ஒப்பமிட வேண்டிய கட்டத்தில், மாதத்துக்கு மாதம் ஒரே வாசகம் எழுதியிருக்கிறது: பதில் எதிர்பார்க்கப்படுகிறது. முதல் ஆறு வருடங்கள் பொருளாளரின் சாய்ந்த எழுத்து. அதற்குப் பிறகு என்னுடையது.

பொருளாளருக்கு ஸ்டேஷன் பக்கம் இரும்புச் சாமான் கடை. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் அவர் நானாதான், அண்ணன். சங்கத்தின் கூட்டமும் கடையின் பின்னறையில்தான் நடக்கும், அடுக்கிய கதிரைகளுக்கும் மடித்த பந்தல் படங்குகளுக்கும் நடுவில். எண்பத்தேழில் நான் முதன்முதலாகக் கணக்குப் பார்க்கப் போனபோது அவர் மூன்று பால்மா டின்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று மௌத்துக்கு, அதாவது சாவுச் செலவுக்கு, ஒன்று கதிரை வாடகைக்கு, ஒன்று தேத்தண்ணிக்கு. மாத்தளையில் ஓர் அரச காரியாலயத்தில் பிரதம கணக்கு எழுதுவினைஞராக இருந்தவன் நான். மூன்று டின்களையும் கொட்டி எண்ணினேன். ஒரு சதம் கூடக் குறையவில்லை. என்னை எரிச்சலூட்டியது அதுதான். முறை இல்லாத இடத்தில் கணக்குச் சரியாக வருவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது என்பது அந்நாளில் என் கொள்கை.

டின்களை ஒழித்தேன். வங்கிக் கணக்கு, காசோலைக்கு இரண்டு ஒப்பம், பிரதியோடு பற்றுச்சீட்டு, கதிரைகளுக்கு இலக்கமிட்ட இருப்புப் புத்தகம். எல்லாவற்றையும் கூட்டத்தில் வாசித்து முடித்தேன். நானா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரேயொரு சந்தேகம் கேட்டார். “சட்ட மாத்தயா, சனிக்கிழம பின்னேரம் ஒருத்தர் மௌத்தானா, திங்கக்கிழம பேங்க் தொறக்கும் வரைக்கும் கொஞ்சம் பொறுங்கன்னு அவருக்குச் சொல்றதா?” சிரிப்பு அடங்க வெகுநேரமானது. மறுநாள் கையிருப்புப் பணத்துக்கென ஒரு விதியைச் சேர்த்தேன். சட்ட மாத்தயா, அதாவது சட்ட ஐயா, என்ற பெயர் மட்டும் எனக்கு நின்றுவிட்டது.

பத்தொன்பதாம் விதிக்குக் காரணம் இருந்தது. யட்டவத்தப் பக்கம் பெண் எடுத்த ஒருவர், செத்துப்போன மாமனாருக்கு மூன்று மாதச் சந்தாவைச் சேர்த்துக் கட்டிவிட்டு, பிறகு வந்து மரணத்தை அறிவித்து உதவிப்பணம் வாங்கியிருந்தார். இனி இறந்தவர் எவரும் சந்தா கட்டக் கூடாது என்று தீர்மானித்தேன். நேரில் வரட்டும், ஒப்பமிடட்டும். வேறு வகையில் ஒருவன் வராமல் போகலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தோராம் விதியை வெறும் பழக்கத்தில் எழுதினேன். விதிகளில் ஐயம் எழுந்தால், சங்கத்தைப் பதிவு செய்த அரச திணைக்களத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும்; பதில் கிடைத்து, வந்த கடிதங்களின் பதிவேட்டில் பதியப்படும்வரை இருக்கும் நிலை தொடரும்.

எண்பத்தொன்பதின் கடைசியில் மிளகு ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு கத்தோலிக்க விதவைத் தாயின் ஒரே மகன் காணாமல் போனான். மாத்தளையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன், வயது இருபத்திரண்டு. வேலை முடிந்து வரும் வழியில் இலக்கத்தகடு இல்லாத வாகனம் ஒன்றில் ஏற்றப்பட்டான் என்றார்கள். ஏற்றியது யார் என்று கேட்டால், பார்த்தவர்களும் பார்க்கவில்லை. முறைப்பாடு எழுதவேண்டிய இடத்தில் எழுத மறுத்தார்கள். அச்சகம் அவன் பெயரை வரவு இடாப்பிலிருந்து எடுத்தது. அடுத்த முறை வாக்காளர் இடாப்பிலும் அவன் இல்லை. எல்லாம் நடைமுறைப்படிதான். அவன் உயிரோடு இருப்பவனாக எஞ்சியிருந்த ஒரே காகிதம் எங்கள் பதிவேடு.

அந்தத் தாய் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்து இரண்டு பேருக்குச் சந்தா கட்டினார். மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் மாதக் கூட்டத்தில் பத்தொன்பதாம் விதியை வாசித்தேன். நீட்டிய காசை மடக்காமலே அவர் என்னிடம் சொன்னார்: “பேரை வெட்டிறாதீங்க சேர். திரும்பி வந்தான்னா கேப்பான், என் பேரை எடுக்கிற வரைக்கும் நீ என்னாம்மா செஞ்சேன்னு.” யாரோ ஒருவர் ஆறுதலாக, மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணமாவது கிடைக்குமே என்றார். அந்த அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. விதி எல்லாருக்கும் பொது என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே அலுவலகக் குரலாகக் கேட்டது.

நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சட்ட மாத்தயா, ஒங்கட முப்பத்தோராவது சட்டத்தையும் ஒருக்கா வாசிங்களேன்.” வாசித்தேன். “எனக்கு ஐயமா ஈக்கிது. திணைக்களத்துக்கு எழுதுவோம். பதில் வார வரைக்கும் இருக்கிறது இருக்கிற மாதிரியே. நீங்க எழுதினதுதானே?” நான் எழுதியதுதான். என் விதியாலேயே என்னைக் கட்டிப்போட்டவர் அவர் ஒருவர்தான். கடிதத்தையும் நானே வரைந்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு அவருக்குத் திருப்தியில்லை. “இவ்வளவு தெளிவா எழுதினா கெதியா பதில் வந்துரும். கொஞ்சம் கொழப்பி எழுதுங்க.” குழப்பி எழுத எனக்குத் தெரியாது. ஆகவே அவர் இணைப்பு எதையும் வைக்காமல் தபாலில் சேர்த்தார். ஒப்பக் கட்டத்தில் முதன்முதலாக அந்த வாசகத்தை எழுதி, இரண்டு பற்றுச்சீட்டுகளையும் அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.

அந்த ஆறு வருடமும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குத் தெரிந்த உலக ஒழுங்கு அது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மனம் அந்தக் கோப்புக்குப் போகும். நானாவிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் தேத்தண்ணி வந்தது. கணக்காய்வாளர் வருடாவருடம் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, “இன்னுமா வரல்ல?” என்பார். “இன்னுந்தான்,” என்பார் நானா. அரச காரியாலயமொன்று பதில் எழுதவில்லை என்பதை எந்தக் கணக்காய்வாளரும் சந்தேகிப்பதில்லை.

தொண்ணூற்றாறின் தொடக்கத்தில் நானா மௌத்தானார். வெள்ளிக்கிழமை, வங்கி மூடிய பிறகு. கையிருப்புப் பணத்திலிருந்துதான் கொடுத்தோம். அப்போது நான் ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்தேன். பொருளாளர் பதவி என் தலையில் விழுந்தது. கோப்புகளை ஒழுங்குபடுத்தினேன், பக்க இலக்கம் இட்டேன், விடுபட்ட இணைப்புகளைச் சேர்த்தேன். அப்படியே ஒருநாள் அந்தக் கோப்பும் கைக்கு வந்தது. நினைவூட்டல் இல்லாத ஒரு வெற்றிடம் அதில் தெரிந்தது. என் கை அதை நிரப்பியது. கடிதம், விதிகளின் பிரதி, பதிவுத்தபால் துண்டு. கோப்பைக் கட்டிய பிறகுதான், என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பதிவுத்தபாலைத் திருப்பிப் பெறுவதற்கும் ஒரு நடைமுறை உண்டு. ஓடிப்போய்ப் பார்த்தேன். தபால் பை ரயிலில் ஏறிவிட்டிருந்தது.

பதில் இரண்டே வரியில் வந்தது. சங்கத்தின் விதி 19 தெளிவானது. அதன்படி செயற்படவும். அந்தத் தெளிவுக்காக என்னை முதன்முதலாகப் பாராட்டிய அரச கடிதம் அதுதான். வந்த கடிதங்களின் பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, திகதிக் கட்டத்தின் மேல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பதியப்படாதவரை அது வரவில்லை. விதி அப்படித்தான் சொல்கிறது. கடிதத்தை மடித்து, பழைய பால்மா டின் ஒன்றுக்குள் வைத்தேன். நானா அதை எறிந்திருக்கவில்லை. இருப்புப் புத்தகத்தில் ஏறாத ஒரே பொருள் அதுதான்.

அடுத்த முதல் ஞாயிறு அந்த அம்மா வந்தார். வழக்கம்போலக் காசை வைத்துவிட்டு, “கடுதாசி ஏதும் வந்துச்சுங்களா சேர்?” என்று கேட்டார். நானாவிடமும் இதையே கேட்பார். நானா இல்லையென்று சொன்னது உண்மை. “இல்ல,” என்றேன். “நல்லதுங்க,” என்றார். முப்பத்தேழு வருடச் சேவையில் ஒரு பொய்த் திகதிகூடப் போடாதவன், அன்று ஒப்பக் கட்டத்தில் அந்த வாசகத்தை எழுதினேன். அடுத்த மாதமும் எழுதினேன். அவருக்குக் கண் மங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து வரத் தொடங்கிய பிறகும் எழுதினேன். பழகிவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் கை ஒருகணம் நின்றுதான் எழுதியது.

போன மாதம் அவரை அடக்கம் செய்தோம். சங்கத்தின் கதிரைகள், சங்கத்தின் படங்கு. உதவிப்பணத்தைப் பெற வேண்டியவர் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தது மகனின் பெயர். அதை, உரியவர் வரும்வரை, தொங்கல் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு அவன் சந்தாவை நீட்ட யாரும் வரவில்லை. என் சட்டைப் பையிலிருந்து கட்டினேன். அதற்கு விதியில் இடமில்லை. இனி அந்த அம்மா என்னிடம் கடுதாசியைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. ஆகவே, எந்தப் பதிவேட்டிலும் எழுதாததை இங்கே எழுதுகிறேன். பதில் வந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி, வியாழக்கிழமை.