முதலாளி எழுதிய வாழ்த்துரை

குலசிங்கம் அண்ணை படியேறி வந்தபோது கோட்டைக்கூடக் கழற்றவில்லை. லண்டன் வெம்பிளியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் என் சொலிசிட்டர் அலுவலகம். அவருடைய அச்சகம் இரண்டு தெரு தள்ளி. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கொம்பியூட்டரில் வடிவான தமிழ் எழுத்து வைத்திருந்த அச்சகங்களை விரல் விட்டு எண்ணலாம். அதனால் எங்கள் சனத்தின் கலியாணக் கார்டு முக்கால்வாசி அவரிடம்தான் போகும்.

"தங்கச்சி, நேசன் என்ரை எழுத்தைக் களவெடுத்துக்கொண்டு போட்டான்!"

நேசன் ஐந்து வருடம் அவரிடம் வேலை செய்தவர். அந்தத் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்து கொம்பியூட்டரில் ஏற்றியவரும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது நோர்பரியில் சின்ன அறை எடுத்து, அதே எழுத்தில் கார்டு அடிக்கிறார்.

"வேலை ஒப்பந்தம் ஏதும் எழுதினனீங்களோ அண்ணை?"

"எங்கடை பொடியனுக்கு என்னத்துக்கு ஒப்பந்தம்? கொம்பியூட்டர்கூட என்ரைதான் குடுத்தனான்."

நேசனை என்ன வேலைக்கு எடுத்தார் என்று அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலையாள் தன் வேலையின் பகுதியாக ஆக்கியது முதலாளிக்குச் சொந்தம் என்ற சட்டம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏழு நாளுக்குள் எழுத்து இருக்கும் டிஸ்க்குகளை ஒப்படை, அந்த எழுத்தில் இனி ஒரு கார்டும் அடிக்காதே, இல்லாவிட்டால் நீதிமன்றம் என்று கடிதம் போட்டேன். காரமாகக் கடிதம் எழுதுவதில் எனக்கு அப்போது ஒரு பெருமை.

மூன்றாம் நாள் நேசன் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார், கையில் என் கடிதத்தோடு.

"அக்கா, நீங்களும் எங்கடை ஆள்தானே. நான் என்ன செய்யவேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

எதிராளியின் லோயரிடமே யோசனை கேட்க எங்கள் சனத்தால்தான் முடியும். எனக்குச் சிரிப்பு வந்தது.

"தம்பி, நான் மற்றப் பக்கம். எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. உங்களுக்கெண்டு ஒரு லோயரைப் பிடியுங்கோ," என்று, இலவச சட்ட ஆலோசனை தரும் இடமொன்றின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

"கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான். அந்த எழுத்து இல்லாட்டி எனக்கு வேறை தொழில் இல்லை அக்கா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சரியாக இரண்டு கிழமை, பதினாலு நாள் கழித்து அவருடைய லோயரிடமிருந்து பதில் வந்தது. நாலே வரி. கூடவே ஒரு போட்டோகொப்பி: அதே எழுத்தில் அடித்த பழைய கோயில் திருவிழா மலர் ஒன்றில் குலசிங்கம் அண்ணை எழுதிய வாழ்த்துரை. மேலே கோட்டும் டையுமாக அவர் படம்.

"எமது அச்சகத்தில் மெஷின் ஓட்டும் தம்பி நேசன், வேலை நேரம் போக, தன் வீட்டிலிருந்து, யாரும் கேளாமலே இவ்வெழுத்துகளை வரைந்தார். இது முற்றிலும் அவரது சொந்தப் படைப்பு."

மலர் என்றால் கடைக்காரரின் வாழ்த்துரை இல்லாமல் இராது. அதை யாரும் வாசிப்பதும் இல்லை. நேசனின் லோயர், தமிழ் தெரியாதவர், யாரையோ கொண்டு வாசிப்பித்திருக்கிறார். மெஷின் ஓட்ட எடுத்த ஆள் எழுத்து வரைந்தது அவருடைய வேலையில் சேராது. கொம்பியூட்டர் இரவல் கொடுத்ததால் மட்டும் எழுத்து முதலாளிக்குச் சொந்தமாகிவிடாது.

அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நான்தான் எழுதினனான். உள்ளதைத்தானே எழுதினனான்?"

"ஓம் அண்ணை. அதுதான் பிரச்சினை."

அன்றுதான் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "எழுத்தை விடுங்கோ தங்கச்சி. அஞ்சு வருசம் என்ரை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவன். ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே."

வழக்கு எதைப் பற்றியது என்பதே எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டு பக்கமும் என் அறையில் கூடினோம். எழுத்து நேசனுடையது, அண்ணையின் அச்சகம் இருக்கும்வரை அவரும் அதைப் பாவிக்கலாம் என்று உடன்படிக்கை எழுதினோம். அண்ணை பேனையை எடுத்தார், கையெழுத்து வைக்கவில்லை.

"ஏனடா சொல்லாமல் போனனி?"

நேசன் தலை நிமிரவில்லை. "சொன்னா நில்லெண்டு சொல்லியிருப்பியள் அண்ணை. நீங்கள் சொன்னா நான் நிண்டிருப்பன்."

அண்ணை கையெழுத்து வைத்தார். கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காதது போல் இருந்துகொண்டேன்.

கடை நடத்தும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஆளை எடுத்தவுடன் என்ன வேலை, ஆக்குவது யாருக்குச் சொந்தம், விலகுவதென்றால் எத்தனை கிழமை முன்னே சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எங்கள் ஆள் என்றால் கட்டாயம் எழுதுங்கள். முகத்துக்கு முன்னால் சொல்லக் கூசுவதைத் தாள் சொல்லிவிடும்.

எனக்கும் ஒரு பாடம் இருந்தது. என் கடிதத்துக்குப் பயந்து நேசன் அந்த இரண்டு கிழமையும் கடையைத் திறக்கவில்லை. ஒரு கலியாண வீட்டுக்காரர் அடிக்கக் கொடுத்த கார்டு ஓடரைத் திருப்பி வாங்கிக்கொண்டும் போய்விட்டார். எல்லோரும் எழும்பியபோது நேசனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் உங்கடை வேலையைத்தானே செய்தனீங்கள் அக்கா," என்றார்.

இல்லை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு எழுதுவதுதான் என் வேலை. அன்று நான் எழுத மட்டும்தான் செய்தேன்.