பின்னல் கம்பியில் பூசிய தார்

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் நான் தருமபுரியில் ஒரு புளி வியாபாரியின் வேனுக்கு ஹேண்டில் போடும் ஆளாக இருந்தேன். அதற்கு முன் நாலைந்து ஊர்களில் கல் உடைத்தும் செங்கல் சுமந்தும் காலம் தள்ளியவன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. வேனுக்குள்ளேயே படுக்கை. வியாபாரி வீட்டுக் கொட்டகையில் இரண்டு வேளை களி.

வேன் பழசு. அதன் ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துபோய், சண்டைக் காலத்தில் வேறு கிடைக்காமல், அது இருந்த இடத்தைத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலைச் சொருகிச் சுற்றினால்தான் இஞ்சின் கிளம்பும். சில சமயம் எதிர்த்து உதைக்கும். எனக்கு முன் இருந்தவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அதனால்தான் எனக்கு அந்த இடம். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க நானே பழகிக்கொண்டேன். பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில் மலையிலிருந்து புளி கொண்டுவந்த சனம் சுற்றி நின்று பார்க்கும்.

"ஹேண்டில்காரரே, இன்னிக்கி எத்தன சுத்துங்க?" என்று பெண்கள் சீண்டுவார்கள்.

இரண்டே சுற்றில் கிளப்பிவிட்டு டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்காருவேன். அந்த சீட்டை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

வியாபாரி பெங்களூரில் மிலிட்டரி கழித்த சாமான் ஏலத்தில் ஒரு மோட்டார் வாங்கி வந்தார். மாட்டுவதற்கு ஒரு மெக்கானிக்கும் கூடவே வந்தான். வியாபாரி என்னிடம் ஒளிக்கவில்லை.

"இது சுத்திருச்சுன்னா ஹேண்டிலுக்கு ஆளு வேண்டாம்ப்பா. வேற எடம் பாத்துக்க."

மெக்கானிக்குக்கு என் வயதுதான். தோல் பை வைத்திருந்தான். அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் தனித்தனி உறை. அவனுக்கு வீட்டுக்குள் இலை போட்டார்கள். நான் வெளியே களி உருண்டையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, "இன்னுங் கொஞ்சம் நெய்யி ஊத்திக்கங்க" என்ற குரல் கேட்டது.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. மோட்டாரை உட்காரவைத்தான். சீட்டுக்கு அடியிலிருந்த பேட்டரியிலிருந்து விரல் தடிமன் ஒயரைக் காலால் மிதிக்கும் சுவிட்சுக்கு இழுத்தான், அங்கிருந்து மோட்டாருக்கு. பேட்டரியின் இன்னொரு முனை ஒயரை, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் இரும்பைச் சுரண்டி அதில் முறுக்கினான்.

"மோட்டாருக்கு ஒத்த ஒயர்தானா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏ மாராயா," என்று கன்னட வாக்கில் கூப்பிட்டான், "போறது ஒயர்ல, திரும்பி வர்றது இரும்புல. இஞ்சின் ரப்பர் மேல ஒக்காந்திருக்குது பாரு? அதனால அதோ அந்தப் பின்னல் கம்பி வழியா சேசிஸுக்கு வந்து பேட்டரிக்குச் சேரும். உன் ஹேண்டிலுக்கு இதெல்லாம் வெளங்காது. ஸ்பேனர எடு."

சுவிட்சை மிதித்தான். 'டக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி மிதித்தான். இஞ்சினிலிருந்து டிரைவர் பக்கம் வரும் சோக்குக் கம்பி சூடேறிப் புகைந்தது. ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது, மோட்டார் மட்டும் அசையவில்லை. பின்னல் கம்பியைக் குனிந்து பார்த்தான். போல்ட் இறுக்கமாக இருக்கவே விட்டுவிட்டான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. போன ஆயுத பூசைக்கு முன், ரோடு போடுகிறவர்களிடம் தார் கேட்டு வாங்கி, துரு பிடிக்காமலிருக்க வண்டியின் அடி முழுக்கப் பூசியவன் நான். அந்தப் பின்னலையும் கழற்றி, இரண்டு முனையும் தாரில் நன்றாக முக்கி எடுத்துத் திரும்ப மாட்டியிருந்தேன். அவன் சொன்ன 'திரும்பி வரும் வழி'யை அடைத்து வைத்திருந்தது என் தார்தான்; வேறு வழியில்லாமல்தான் கரண்டு சோக்குக் கம்பியில் ஏறிப் புகைந்திருந்தது.

அதைச் சொல்லாமல், அவன் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும்வரை அவன் கழற்றினான், மாட்டினான். கடைசியில் எழுந்து, "மோட்டாரே கெட்டுப் போச்சுங்க. திருப்பி எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

வியாபாரி அவனைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க, வெவரந் தெரிஞ்ச ஆளு. மொதல்ல காப்பி சாப்புடுங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "டேய், அவரு கைக்குத் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். தோற்றவன் கைக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன். இத்தனை நாள் மணிக்கட்டைப் பணயம் வைத்த எனக்கு அந்த வீட்டில் ஒரு வாய் காப்பி கிடைத்ததில்லை. பேசாமல் இருந்திருந்தால் வேலை நிலைத்திருக்கும். அது தெரிந்தும் வாயில் வந்துவிட்டது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குது."

"ஓகோ, ஹேண்டில்காரருக்கு வெளங்கிருச்சு!" என்று மெக்கானிக் சிரித்தான்.

சொம்பை வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். பின்னலைக் கழற்றி, முனைகளையும் அவை உட்காரும் இடங்களையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை கத்தியால் சுரண்டி மாட்டினேன். ஏறி நானே மிதித்தேன். மோட்டார் சீறியது, ஒரு சுற்று முடிவதற்குள் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

வியாபாரி என் கையிலிருந்த கருப்பைப் பார்த்தார். "அப்ப, பகல் பூரா எங்கள அலைய வெச்சது நீ பூசுன தாரா?"

"நாந்தான் அப்பவே சொன்னனே, திரும்பி வர வழி வேணும்னு" என்றான் மெக்கானிக். வியாபாரி அவனைப் பார்த்துத் தலையாட்டினார். காப்பி ஒரு டம்ளர்தான் வந்தது. அவனுக்கு.

மறுநாள் காலையில் மெக்கானிக் கிளம்பும்போது, "எங்கூட வர்றியா? ஒனக்குக் கை நல்லா ஓடுது. பைய தூக்கிக்கிட்டே கத்துக்கலாம்" என்றான். நல்ல மனதோடுதான் கேட்டான். என் கண்ணுக்கு அந்தத் தோல் பை மட்டுமே தெரிந்தது.

"உங்க பைய நீங்களே தூக்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு சேலம் ரோட்டில் நடந்தேன்.

அதியமான்கோட்டை தாண்டியதும் பின்னால் ஹாரன். வேன் வந்து நின்றது. என் சீட்டில் ஒரு புளி மூட்டை இருந்தது.

"ஏர்றா, மூட்டைய நவுத்திக்கலாம். தொப்பூர்ல எறக்கி விடறேன்" என்றார் டிரைவர்.

"இஞ்சின நிறுத்துங்கண்ணா" என்றேன். என்னவோ ஏதோவென்று நிறுத்தினார்.

"இப்பக் கெளப்புங்க."

அது பிடிக்கக் கூடாது என்று சாமியைக் கும்பிட்டேன். டிரைவர் காலை வைத்தார். உடனே பிடித்தது.

"சரிண்ணா, நீங்க போங்க" என்றேன். தொப்பூர் வரைக்கும் நடந்தே போனேன்.