துக்க வீட்டுச் சாயா

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிடங்கை ஒட்டிய வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். மாடி அறைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வாடகைக்கு வந்தாள். புத்தகம் எழுதுகிறவளாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட என் தலைக்கு மேலே இப்படி ஒருத்தி! அவள் டைப் மிஷினைத் தட்ட ஆரம்பித்தால் என் சாம்பாரில் உத்தரத்துத் தூசி விழும்.

சென்னையில் கொஞ்ச காலம் இருந்து தமிழ் பழகியிருந்தாள். இனி இதுதான் என் ஊர் என்றாள். தேங்காய் துருவப் போய் விரலைத் துருவிக்கொண்டாள். மத்தி மீனைச் செதில் எடுக்காமல் குழம்பு வைத்தாள். மத்தியானம் சுக்கு தரம் பிரிக்கும் சேச்சிமாரும் நானும் வாசலில் கூடினால் அவள்தான் எங்களுக்குச் சினிமா. கோபமே வராது. கூட உட்கார்ந்து சிரிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, படியிறங்கி வந்தவளை வம்புக்கு இழுத்தேன்.

"என்ன மோளே, காத்தடிச்சா காயல்ல போய் விழுந்துருவே போல? உங்கம்மாவை இங்க வரச்சொல்லு. நாலு நாள் ஆக்கிப் போடட்டும்."

"அம்மா செத்துப் போச்சு" என்றாள்.

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை தகவல் வந்துச்சு."

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுடைய மீன் குழம்பைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஒரு வீட்டில் சாவு என்றால் எங்களுக்குக் காதுதான் சொல்லும். அழுகைச் சத்தம் கேட்டால் தெருவே ஓடும். சத்தமில்லாத வீட்டில் துக்கம் இருக்கும் என்று யார் கண்டது?

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?" என்று கத்திவிட்டேன்.

"அவளை வழக்குப் பறையாதே சேச்சி. வா, மேல போவாம்" என்று, மேலும் திட்டவிடாமல் சேச்சிமாரில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு மூன்று பேர் மாடிக்குப் போனோம். தரையில் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். கொஞ்சம் குடித்தாள். "அழுதுரு மோளே" என்றேன். அழவில்லை. எழுந்து போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். சாயா போட்டு, தட்டில் பிஸ்கட்டும் வைத்து எங்கள் முன்னால் நீட்டினாள்.

நாங்கள் திகைத்துப்போனோம். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. துக்கத்துக்குப் போனவர்கள் அங்கே பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டோம். "வேண்டாம் மோளே" என்று எழுந்துவிட்டோம். துக்க வீட்டில் 'போய் வருகிறேன்' என்றும் சொல்லக்கூடாது. அதையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

அதற்குப் பிறகும் அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். உட்காரத்தான் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அறையைக் காலி செய்தாள். பெட்டியோடு இறங்கி வந்தவள் என் முன்னால் நின்றாள்.

"அன்னிக்கு ஏன் குடிக்கலை? நான் வேற ஆளுன்னா?"

"அய்யோ, இல்லே மோளே!" அவசரமாக எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

"எங்க ஊர்ல துக்கத்துக்கு வந்தவங்க சாயா குடிப்பாங்க. குடிச்சுக்கிட்டே செத்தவங்களைப் பத்திப் பேசுவோம். நீங்க குடிச்சா எங்கம்மாவைப் பத்திச் சொல்லலாம்னு இருந்தேன்."

"இப்ப சொல்லேன்" என்றேன். வெளியே ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

இப்போதெல்லாம் துக்கத்துக்குப் போன இடத்தில் யார் எதை நீட்டினாலும் வாங்கிக் குடித்துவிடுகிறேன். "இந்த வயசுல என்ன கொதி?" என்று, தீனிக்கு அலைகிறேன் என நினைத்து மருமகள் முறைக்கிறாள். முறைக்கட்டும். எத்தனை வீட்டில் குடித்தாலும், அந்தப் பெண் தன் அம்மாவைப் பற்றி என்ன சொல்ல நினைத்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியப்போவதில்லை.